"டெய்லி குடிக்கறதில்லைங்க, ஆனா...": குடி நோயாயிடுச்சான்னு அறிகுறி வாரியா பாக்கறது எப்படி

நான் மோட்டார் காயில் கட்றவன். கோயம்புத்தூர் பக்கம், 20 வருஷத்துக்கு மேல இதே பொழப்பு. பட்டறைக்கு மோட்டாரை தூக்கிட்டு வர்றவங்க யாரும் "வைண்டிங் ஷார்ட்டுங்க"னு சொல்லிட்டு வர்றதில்ல. "சூடாகுதுங்க", "உர்ர்னு சத்தம் வருது, சுத்த மாட்டேங்குதுங்க", "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு", இவ்ளோதான் சொல்வாங்க. அதை வெச்சு உள்ள என்ன போயிருக்குன்னு நாமதான் பிடிக்கணும். சிலபேர் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே மாட்டாங்க, மோட்டார் நல்லாருக்குங்க எங்க ஊர் கரண்ட்தான் சரியில்லம்பாங்க.

குடி விஷயத்துல 14 வருஷம் அந்த கஸ்டமரா நான்தான் இருந்தேன். 2019 பிப்ரவரிக்கு அப்புறம் தொடல. இப்ப பட்டறைக்கு வர்ற பசங்க, அவங்க வீட்டு பொம்பளைங்க, தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க, "அண்ணா, இது சும்மா பழக்கமா, இல்ல அடிமையாயிட்டாரா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எங்க தொழில் பாணில, கம்ப்ளைன்ட் என்ன, எங்க பாக்கணும், என்ன பண்ணணும்னு எழுதி வெச்சுடறேன். டாக்டர் இல்ல நான். டாக்டர்ங்க எனக்கு சொன்னதும், வார்டுல படுத்துட்டு பாத்ததும், அப்புறம் படிச்சதும்தான் இது.

எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வியே தப்புங்க. "எவ்ளோ குடிக்கறான்?" அளவு ஒரு ரீடிங்தான், அதை மட்டும் வெச்சு ஃபால்ட் சொல்ல முடியாது. குடி இல்லாதப்ப உடம்பும் மனசும் என்ன பண்ணுது, ஒரு வாய் உள்ள போனதுக்கு அப்புறம் என்ன பண்ணுது, இந்த ரெண்டையும் பாக்கணும். மோட்டாரை நோ லோடுலயும் ஓட்டி பாக்கறோம், லோடு குடுத்தும் ஓட்டி பாக்கறோம்ல, அது மாதிரி.

கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்

எங்க வேலைல எதை தொட்டாலும் முதல்ல மெயினை ஆஃப் பண்ணிருவோம். இதுல அது தலைகீழுங்க. தினமும் நிறைய குடிக்கறவர், காலைல கை நடுங்கறவர், முன்னாடி எப்பவாவது குடியை நிறுத்தி ஃபிட்ஸ் வந்தவர், இவங்க யாரும் வீட்ல வெச்சு டக்குனு நிறுத்தி டெஸ்ட் பண்ணி பாக்கவே கூடாது. இதை படிச்சுட்டு இன்னைக்கே ரூம்ல போட்டு பூட்டிடலாம்னு யாராவது கிளம்புனா தயவுசெஞ்சு ரெண்டாவது அறிகுறியை முழுசா படிச்சுட்டு கிளம்புங்க.

அறிகுறி 1: "முன்னல்லாம் ஒரு கட்டிங்லயே ஏறும், இப்ப குவார்ட்டர் அடிச்சாலும் ஒண்ணும் தெரியல"

இதை நம்மாளுங்க பெருமையா சொல்வாங்க. கெப்பாசிட்டி! "எவ்ளோ அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்டா"ன்னு ஃப்ரெண்டுங்க சர்டிபிகேட் வேற குடுப்பாங்க. எனக்கும் குடுத்தானுங்க.

நடக்கறது என்னன்னா, கல்லீரல் சாராயத்தை வேகமா உடைக்க பழகிடுது, மூளையும் அது இருக்கறப்பவே வேலை செய்ய தன்னை மாத்தி அமைச்சுக்குது. வோல்டேஜ் கம்மியா வர்ற ஊர்ல மோட்டார் அதே தண்ணியை தூக்க ஆம்பியர் அதிகமா இழுக்கும், வெளிய பாத்தா நல்லாத்தான் ஓடுது, உள்ள காயில் சூடாயிட்டே இருக்கும். அந்த மாதிரி.

கணக்கு ஒண்ணு போட்டு பாருங்க. 180 மில்லி குவார்ட்டர் (கட்டிங்னா அதுல பாதி), 42.8 சதவீதம்னு லேபிள்லயே போட்டிருக்கும். அதுல சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல 10 கிராம் ஒரு டிரிங்க். அப்போ "ஒரே ஒரு குவார்ட்டர்"ங்கறது ஆறு டிரிங்க். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில், 8 சதவீதம்னா, நாலு டிரிங்க். "நான் சரக்கை விட்டுட்டேன், பீர் மட்டும்தான்"னு ரெண்டு பீர் அடிக்கறவர் குவார்ட்டரை விட அதிகமா குடிக்கறார், அவருக்கே தெரியாது.

பாக்க வேண்டியது: ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அளவு, இப்ப இருக்கற அளவு. ஏறிட்டே போகுதுன்னா குறிச்சுக்கோங்க. இன்னொண்ணு, வருஷக்கணக்கா குவார்ட்டரை தாங்குன ஆளு திடீர்னு ஒரு கட்டிங்லயே தள்ளாடறார்னா திருந்திட்டார்னு சந்தோஷப்படாதீங்க, கல்லீரல் கெட்டிருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட போங்க.

அறிகுறி 2: காலைல கை நடுங்குது, ஒரு வாய் போட்டா நின்னுடுது

இதுதான் இருக்கறதுலயே முக்கியம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மோட்டார் உள்ள இருக்கற ஸ்லாட்டுக்குள்ள, அதாவது காயில் உக்கார்ற காடிக்குள்ள, இன்சுலேஷன் பேப்பர் போட்டு, எனாமல் கம்பியை கொத்து கொத்தா இறக்கி, மேல மூங்கில் ஆப்பு அடிக்கணும். கம்பி ஸ்லாட் ஓரத்துல லேசா உரசுனாக்கூட எனாமல் போயிடும், போச்சுன்னா எர்த் அடிக்கும், அதாவது கரண்ட் மோட்டார் பாடிக்கு கசியும். 2017ல ஒரு விவசாயியோட கிணத்து மோட்டார். வாழைக்கு தண்ணி இல்லன்னு காலைல 6 மணிக்கே கொண்டு வந்துட்டார். நான் இறக்கி இறக்கி பாக்கறேன், கை நிக்கவே மாட்டேங்குது. ஒரு தடவை கட்டி மெக்கர் (கசிவு பாக்கற மீட்டர்) போட்டா எர்த். அவுத்துட்டு திரும்ப கட்னேன், திரும்பவும் எர்த். என்கிட்ட வேலை பழகிட்டு இருந்த பையன், அப்ப அவனுக்கு 17 வயசு இருக்கும், பக்கத்துல வந்து மெதுவா சொல்றான், "அண்ணா, நீங்க போய் போட்டுட்டு வாங்கண்ணா, வந்து கட்டிக்கலாம்". திட்டவுமில்ல கிண்டலும் பண்ணல. மெஷினுக்கு எண்ணெய் விடணும்ங்கற மாதிரி சாதாரணமா சொன்னான். கடை 12 மணிக்குத்தான் திறக்கும், ஆனா எங்க கிடைக்கும்னு அவனுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. போனேன். பத்து நிமிஷத்துல கை தங்க வேலை செய்யறவன் கை மாதிரி நின்னுடுச்சு. கட்டி குடுத்தேன், எர்த் இல்ல. அன்னைக்கு எனக்கு தோணினது என்ன தெரியுங்களா? "பாத்தியா, சரக்கு எனக்கு மருந்து".

அது மருந்து இல்ல, அதுதான் ஃபால்ட். மிக்ஸி மோட்டார் சீரிஸ் மோட்டார், அதை லோடு இல்லாம ஓட்டுனா வேகம் ஏறிக்கிட்டே போகும், தெரிஞ்சவங்களுக்கு தெரியும். சாராயம் மூளையை அமுக்கற ஒரு லோடு. தினமும் அதை சுமந்து சுமந்து, மூளை அந்த லோடுக்கு எதிரா எக்ஸ்ட்ரா வேகத்துல ஓட பழகிடுது. திடீர்னு லோடை எடுத்தா அந்த வேகம் மட்டும் மிச்சம். அதான் நடுக்கம், வேர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கம் வராதது, சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரி போடறது எல்லாம். கடைசியா குடிச்சு ஒரு 6 மணி நேரத்துலயே ஆரம்பிச்சுடும், அதனாலதான் ராத்திரி 10 மணிக்கு நிறுத்துனவருக்கு விடியக்காலம் 4 மணிக்கு முழிப்பு வந்துடுது. பக்கத்துல படுத்திருக்கற அம்மணிக்கு இது நல்லா தெரியும், கேட்டு பாருங்க.

இதோட நின்னா பரவால்ல. ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள சிலபேருக்கு புத்தி தடுமாறும், காய்ச்சல் அடிக்கும், இல்லாததெல்லாம் தெரியும். இதுக்கு ஆஸ்பத்திரில பாக்கலன்னா உயிரே போயிடலாம், மிகைப்படுத்தி சொல்லல.

2020 மார்ச் 24 சாயங்காலம் லாக்டவுனுக்கு கடையெல்லாம் மூடுனாங்களே, தமிழ்நாட்டுல லட்சக்கணக்கானவங்களுக்கு ஒரே நாள்ல வெச்ச டெஸ்ட்டுங்க அது. எங்க தெருவுல ஒருத்தர், விசைத்தறி ஓட்றவர், தங்கமான மனுஷன், சத்தமா பேசக்கூட மாட்டார். முதல் நாள் நடுக்கம். ரெண்டாம் நாள் தூக்கமே இல்ல. மூணாம் நாள் ராத்திரி அவர் வீட்டம்மா வந்து கதவை தட்டி "அண்ணா, வந்து பாருங்கண்ணா, என்னமோ பண்றார்"ங்குது. போய் பாத்தா திண்ணைல உக்காந்து காத்துல ரெண்டு கையாலயும் எதையோ எடுத்து முடிச்சு போட்டுட்டு இருக்கார். "இழை அந்துட்டே இருக்குது, தறியை நிறுத்துங்க, தறியை நிறுத்துங்க"ன்னு. தறியே இல்ல அங்க. விரல் மட்டும் அவ்ளோ கச்சிதமா முடிச்சு போடுது. என்னை பாத்து முதலாளிங்கறார். வீட்ல எல்லாரும் பேய் பிடிச்சிருக்கு, மந்திரிக்கலாம்னு பேசிட்டு இருந்தாங்க. நான் வார்டுல இதை பாத்திருக்கேன், அவங்கவங்க செய்யற தொழிலையே காத்துல செய்வாங்க. 108 கூப்பிட்டோம். பொழச்சுட்டார்.

அதனால இந்த அறிகுறி இருந்தா பண்ண வேண்டியது ஒண்ணுதான், ஆஸ்பத்திரி. மனநல டாக்டர் நடுக்கத்துக்கும் ஃபிட்ஸுக்கும் மாத்திரை குடுத்து நாள் நாளா குறைச்சுட்டு வருவார், கூட பி1 வைட்டமின் ஊசி போடுவாங்க. இந்த பி1 விஷயம் வீட்டுக்காரங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். குடிக்கறவங்க சரியா சாப்பிடறதில்ல, பி1 உடம்புல காலியா இருக்கும். அப்படியே தெருமுனை கிளினிக்ல படுக்க வெச்சு "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேப்போம் நாம. பி1 போடாம வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா மூளைக்கு நிரந்தரமா பாதிப்பு வரலாம், ஞாபக சக்தியே போயிடலாம். "இவர் தினமும் குடிக்கறவருங்க"ன்னு அந்த டாக்டர்கிட்ட வாயை திறந்து சொல்லுங்க, கௌரவம் பாக்காதீங்க.

அந்த மாத்திரையை மெடிக்கல்ல நீங்களே வாங்கி குடுக்கறதும் வேண்டாம். சரக்கோட சேந்தா மூச்சே நின்னுடலாம்.

அறிகுறி 3: ஒண்ணு மட்டும்னு போறார், கடை மூடற வரைக்கும் வரல

இது லோடு குடுத்து பாக்கற டெஸ்ட். குடிக்கணும்னு முடிவு பண்றதுக்கும், நிறுத்தணும்னு முடிவு பண்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதல் கட்டிங்கை நான்தான் குடிச்சேன், ரெண்டாவதை எதுவோ வாங்கி குடுத்துச்சு, மூணாவதுக்கு பக்கத்து டேபிள்காரன்கிட்ட கைமாத்து கேட்டேன்.

நடுக்கம் எதுவும் இல்லாதவங்க மட்டும் இதை செஞ்சு பாருங்க: ஒரு மாசத்துக்கு, எந்தெந்த நாள், எத்தனை, எத்தனை மணிக்குள்ளன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி தினசரி காலண்டர் தாளுக்கு பின்னாடி எழுதுங்க. குடிச்சதையும் எழுதுங்க. மச்சானோட காதுகுத்து, சம்பளத்தன்னைக்கு, மழை பேஞ்சுது, மனசு சரியில்ல, இதெல்லாம் விதிவிலக்கு கிடையாது. பெரும்பாலும் எழுதுனபடியே முடிஞ்சுதுன்னா கண்ட்ரோல் இன்னும் உங்க கையில. நான் போட்ட லிமிட் ரெண்டு கட்டிங். ஒன்பதாவது நாள் காலண்டர் தாளையே கிழிச்சு போட்டுட்டேன், அதுதான் என்னோட ரிசல்ட்.

அறிகுறி 4 (ஏமாத்தற ரீடிங்): "மாலை போட்டா 48 நாள் தொட மாட்டேன், நானா அடிமை?"

இந்த ஒரு வாதத்தாலயே நம்மூர்ல எத்தனை பேர் பத்து வருஷம் லேட்டா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க தெரியுங்களா. நானே ஆறு தடவை மலைக்கு போயிருக்கேன். 48 நாளும் சத்தியமா தொட்டதில்ல. வீட்ல எல்லாரும் "மனசு வெச்சா முடியுதுல்ல, அப்புறம் ஏன் குடிக்கற"ன்னு கேப்பாங்க, நானும் அதையேதான் எனக்கு சொல்லிக்குவேன், நினைச்சா நிறுத்திடலாம்னு.

நிறுத்த முடியுதாங்கறது பாதி டெஸ்ட்தாங்க. மிச்ச பாதி, மாலையை கழட்டுன அன்னைக்கு என்ன நடக்குது. நான் எப்படின்னா, 40வது நாள்ல இருந்து உள்ளுக்குள்ள எண்ணிட்டு இருப்பேன், மலை இறங்கி வர்ற வழியிலயே ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டுடுவேன், வீட்டுக்கு பிரசாதம் போய் சேர்றதுக்கு முன்னாடி நான் கடைல இருப்பேன். ஒரு வாரத்துல பழைய அளவுக்கே வந்து நிக்கும், கட்டிங்ல இருந்து மறுபடி மெதுவா ஆரம்பிக்கறதெல்லாம் இல்ல. விட்ட இடத்துல இருந்தே தொடரும். அதுதான் குறி.

மாலை போட்ட முதல் மூணு நாலு நாள் எப்படி இருந்துச்சுன்னும் யோசிச்சு பாருங்க. பச்சைத்தண்ணி குளியல் குளிர்னு நினைச்ச நடுக்கம் நிஜமாவே குளிர்தானா? எனக்கு கடைசி ரெண்டு வருஷம் அது குளிர் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை மாலை, நடுவுல தைப்பூசத்துக்கு பழனி நடைபயணம், கோயில்ல கயிறு, இப்படி அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்குங்கறதே ஒரு அறிகுறி. குடி பிரச்சனை இல்லாதவன் குடியை நிறுத்த சாமிகிட்ட போக மாட்டான்.

கேரளா சரக்குக்கும் நம்ம சரக்குக்கும் வித்தியாசம் சொல்ல தெரிஞ்ச அளவுக்கு பம்பையை பத்தி சொல்ல தெரியாது எனக்கு. சரி விடுங்க.

அறிகுறி 5: ராத்திரி பேசுனது, வண்டி ஓட்டிட்டு வந்தது, எதுவும் ஞாபகம் இல்ல

வெறும் வயித்துல வேகமா அடிச்சா யாருக்கு வேணா ஒரு தடவை இது நடக்கும், அதனால இது ஒண்ணை மட்டும் வெச்சு அடிமைன்னு சொல்லிட முடியாது. ஆனா காலைல எழுந்து வாசல்ல வண்டி நிக்குதான்னு முதல்ல எட்டி பாக்கறது பழக்கமா ஆயிடுச்சுன்னா, வண்டியை சுத்தி வந்து எங்கயாவது இடிச்ச தடம் இருக்கான்னு தேடறீங்கன்னா, அது வேற லெவல். அந்த நேரத்துல ஆள் மயங்கி கிடக்கறதில்ல, பேசுவார், சாப்பிடுவார், சத்தியம்கூட பண்ணுவார், மூளை பதிவு மட்டும் பண்ணாது. "நேத்து ராத்திரி பாப்பா தலைல அடிச்சு சத்தியம் பண்ணீங்களே"ன்னு வீட்ல கேக்கறப்ப இவர் நிஜமாவே பேந்த பேந்த முழிக்கறார், நடிக்கல.

அறிகுறி 6: ஒளிக்கறது, பொய், கணக்கு இடிக்குது

நான் பாட்டிலை வார்னிஷ் டின்னுக்குள்ள வெச்சிருந்தேன். பட்டறைல எப்பவும் வார்னிஷ் வாடை இருக்கும்ல, அதனால யாருக்கும் தெரியாதுன்னு நினைப்பு. நாலு வருஷம் கழிச்சு வார்டுல உக்காந்து என் சம்சாரத்துகிட்ட இதை ஒரு பெரிய ரகசியம் மாதிரி சொன்னா, "தெரியுமுங்க, வாராவாரம் நான்தான் அந்த டின்னை தொடச்சு வெப்பேன்"ங்குது.

பாக்க வேண்டியது: வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு போட்டுட்டு வந்து வீட்ல எல்லார் முன்னாடியும் ஒண்ணுதான் போடறாரா, விசேஷத்துக்கு போனா சாப்பாடு இலைக்கு முன்னாடி சரக்கு எங்கன்னு கண்ணு தேடுதா, குடிக்காத ஃப்ரெண்டுங்க ஒவ்வொருத்தரா கழண்டுட்டாங்களா, முன்ன பிடிச்ச விஷயம் (எனக்கு ஞாயித்துக்கிழமை கைப்பந்து) எப்ப நின்னுச்சுன்னே தெரியாம நின்னுடுச்சா. பணத்தை பொறுத்தவரை, எவ்ளோ செலவுங்கறதை விட எதுக்கு வெச்ச பணத்துல கை வைக்கறார்னு பாருங்க. ஸ்கூல் ஃபீஸ், மகளிர் குழு தவணை, கஸ்டமர் காப்பர் வாங்க குடுத்த அட்வான்ஸ். கடைசியா சொன்னது நான் பண்ணது.

அறிகுறி 7: டாக்டர் சொல்லியும் நிறுத்தல. இல்லன்னா "லிவர் டெஸ்ட் நார்மல்தானே"

ரெண்டுமே வரும். ஸ்கேன்ல கொழுப்பு படிஞ்ச கல்லீரல்னு வந்துருச்சு, அல்சர் இருக்கு, மஞ்சக்காமாலை ஒரு தடவை வந்து கீழாநெல்லி குடிச்சு சரியாச்சு, அப்புறமும் குடிக்கறார்னா, கெடுதல்னு தெரிஞ்சும் நிறுத்த முடியல, அவ்ளோதான் விஷயம், அதை திமிர்னு எடுத்துக்காதீங்க.

இன்னொரு பக்கம், ரத்த டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு பேப்பரை காட்டி பேசறவங்க. கல்லீரல் ரிப்போர்ட் கல்லீரலை பத்தித்தான் சொல்லும், அடிமைத்தனம் இருக்கறது மூளைல. பேரிங் நல்லாருக்குங்கறதுக்காக காயில் நல்லாருக்குன்னு நான் எழுதி குடுக்க முடியுங்களா?

சரி, எத்தனை இருந்தா அடிமைன்னு அர்த்தம்?

டாக்டர்ங்க ரொம்ப காலமா வெச்சிருக்கற கணக்கு ஆறு விஷயம்: அடக்க முடியாத ஏக்கம், ஆரம்பிச்சா நிறுத்தற கண்ட்ரோல் இல்லாதது, நிறுத்துனா வர்ற நடுக்கம் மாதிரி உடல் தொந்தரவு, அளவு ஏறிட்டே போறது, மத்த சந்தோஷம் வேலையெல்லாம் ஓரங்கட்டப்படறது, கெடுதல் கண்ணுக்கு தெரிஞ்சும் தொடர்றது. கடந்த ஒரு வருஷத்துல இதுல மூணு சேந்து இருந்தா குடி நோய்னு சொல்வாங்க. எனக்கு ஆறும் இருந்துச்சு, அப்பவும் நான் "சோஷியல் டிரிங்கர்"தான்.

சுருக்கமா பாக்கணும்னா, ஜான் யூயிங்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1984ல வெளியிட்ட நாலு கேள்வி இருக்கு. குறைக்கணும்னு எப்பவாவது தோணிருக்கா? குடியை பத்தி யாராவது பேசுனா எரிச்சல் வருதா? குடிச்சதை நினைச்சு குத்த உணர்ச்சி வந்திருக்கா? காலைல எழுந்ததும் நடுக்கம் போக, தலைவலி போக ஒண்ணு போட்டதுண்டா? ரெண்டுக்கு ஆமான்னா டாக்டரை பாக்கணும். ஆனா அந்த நாலாவது கேள்வி ஒண்ணுக்கு மட்டும் ஆமான்னாலும் போங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னு அறிகுறி 2ல சொல்லிட்டேன்.

நீங்க மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க, மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019ல வெளிவந்த கணக்குல, குடி பிரச்சனைக்கு உதவி தேவைப்படறவங்க நாடு முழுக்க 5.7 கோடி பேர்.

குடி இல்லாம மத்த ஐட்டம்னாலும் கேள்வி இதேதான். சிகரெட்டா, எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் வேணும்னா நிக்கோடின் பிடிச்சுடுச்சு. கஞ்சாவா, அது இல்லாம தூக்கமும் பசியும் வரல, எரிஞ்சு விழறார்னா அதுவும் அப்படித்தான், "மூலிகைதானே"ங்கற பேச்சு வேண்டாம். வலி மாத்திரையை போதைக்கு போடற பசங்க இப்ப அதிகம், அவங்களுக்கு நிறுத்துனா உடம்பு வலி, கண்ணு மூக்குல தண்ணி, வயித்துப்போக்குன்னு வரும். மாத்திரையை கரைச்சு ஊசி போடற அளவுக்கு போயிருந்தா ஒரு நாள்கூட தள்ளாதீங்க.

செய்யக்கூடாத ரிப்பேர்

"குடிப்பவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்"னு பவுடர் விளம்பரம் பாத்திருப்பீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாத சாமான் அது. டைசல்ஃபிராம்னு நிஜமாவே ஒரு மருந்து இருக்கு, அதை சாப்பிட்டுட்டு குடிச்சா முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிபி இறங்கி சிலசமயம் உயிருக்கே ஆபத்து. சாப்பிடறவருக்கு தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டாக்டர் பாத்து குடுக்க வேண்டிய மருந்து. குழம்புல கலக்கறது வைத்தியமே இல்ல, கிட்டத்தட்ட விஷம் வெக்கற மாதிரி. ஏக்கத்தை குறைக்க வேற மாத்திரைங்களும் இருக்கு, அதையும் டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்ங்கறது ரெண்டாவது. ஒரு பொண்ணோட வாழ்க்கையை ஃப்யூஸ் கம்பியா போடறீங்க, வேற ஒண்ணுமில்ல.

மூணாவது, ஆளை கட்டி தூக்கிட்டு போய் மாசக்கணக்குல பூட்டி வெச்சு அடிக்கற இடங்கள். போர்டுல மறுவாழ்வு மையம்னுதான் இருக்கும். 2017 மனநல சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவு பண்ணிருக்கணும், பதிவு சான்று கேளுங்க, டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர்றார்னு கேளுங்க, ஃபோன்ல பேச விடுவீங்களான்னு கேளுங்க. மழுப்புனா வண்டியை திருப்பிடுங்க.

எங்க போறது

மாவட்ட அரசு ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநல ஓ.பி. இருக்கு, காசு கிடையாது. நான் அங்கதான் போனேன். போதை சம்பந்தமா பேச 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி 104. சென்னைல சாந்தி ரங்கநாதன் 1980ல ஆரம்பிச்ச டி.டி.கே. ஆஸ்பத்திரி ரொம்ப பேருக்கு தெரிஞ்சிருக்கும், அவங்க புருஷனையே குடில இழந்துட்டு அதுக்கப்புறம் ஆரம்பிச்சது அது.

ஆஸ்பத்திரி பத்து நாள் பதினஞ்சு நாள்ல முடிஞ்சுடும், அதுக்கப்புறம் இருக்கற சாயங்காலம் 6 மணிகள்தான் கஷ்டம். எனக்கு அதுக்கு ஏ.ஏ. மீட்டிங் உதவுச்சு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தமிழ்ல நடக்குது, ஃபீஸ் இல்ல, பேர் ஊர் யாரும் குடைய மாட்டாங்க, ஒரு டீ குடுப்பாங்க, ஒவ்வொருத்தரா அவங்க கதையை சொல்வாங்க. முதல் நாள் போனப்ப ஒருத்தர் வார்னிஷ் டின்னுக்கு பதிலா குலதெய்வ படத்துக்கு பின்னாடி வெச்சிருந்ததை சொன்னார், எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. வீட்டுக்காரங்களுக்கு அல்-அனான்னு தனியா இருக்கு, அவர் வர மாட்டேன்னாலும் நீங்க மட்டும் போகலாம். போங்க. ஃபால்ட் வீடு முழுக்க பரவிருக்கும்.

எப்ப பேசறதுங்கறதும் முக்கியம். போதைல இருக்கறப்ப பேசாதீங்க, பதிவே ஆகாது. காலைல, நடுக்கம் வர்ற நேரம், அவருக்கே பயம் இருக்கும், அப்ப சண்டை போடாம "வாங்க, கூட நான் வர்றேன்"னு சொல்லி பாருங்க. என் சம்சாரம் அன்னைக்கு சொன்னது அவ்ளோதான்.

கிளம்பறப்ப லுங்கி, துண்டு, ஆதார், பழைய ரிப்போர்ட், கூட ராத்திரி தங்க ஒரு ஆள். ஓ.பி.ல எவ்ளோ குடிப்பீங்கன்னு கேட்டா பாதியா சொல்லாதீங்க, நானும் முதல்ல "ஒரு குவார்ட்டர்தான் சார்"னு சொன்னேன், என் பின்னாடி நின்னுட்டு இருந்த அந்த பட்டறை பையன்தான் "மூணு சார்"னு திருத்துனான். மாத்திரை அளவு அதை வெச்சுதான் போடுவாங்க, கம்மியா சொன்னா ராத்திரி ஃபிட்ஸ் வந்து படறது நீங்க. கடைசியா குடிச்சது எத்தனை மணிக்கு, எவ்ளோ, முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா, தூக்க மாத்திரை எதாவது போடறாரா, இந்த நாலையும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கூட போறவர் சட்டை பாக்கெட்ல வெச்சு விடுங்க.